முறிந்ததைக் கட்டுதல்

துன்பத்திற்கு அரபு மொழியில் வழங்கும் சொல் 'முஸீபத்' என்பதாகும். நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் இச்சொல்லின் வேரை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்பு குறி தவறாமல் இலக்கில் தைப்பதற்கு அரபியர் 'அஸாப' என்பர். அவ்வினையிலிருந்து பிறந்ததே முஸீபத். 'சரியானது' எனப் பொருள்படும் 'ஸவாப்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. (நற்கூலி என்ற பொருளில் நாம் வழங்கும் 'தவாப்' எழுத்தாலும் வேராலும் வேறானது. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதை ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.) துன்பம் வந்து தைத்தவனுக்கு மட்டுமே அது எதிர்பாராதது, ஏவப்பட்ட அம்பு தன் இலக்கை அறிந்தே வந்தது என்னும் ஒரு முழு உலகப் பார்வை அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆறுதலுக்கு அரபியில் சொற்கள் பல. 'தஃஸியா' என்பது ஒருவரைப் பொறுமை கொள்ளச் செய்தல். 'தஸ்லியா' என்பது மனத்தை வேறு பக்கம் திருப்பித் துயரை மறக்கச் செய்தல். மூன்றாவது ஒன்றுண்டு: 'ஜப்ருல் காத்திர்'. உடைந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கு 'ஜப்ர்' என்று பெயர். அவ்வாறு வைத்துக் கட்டும் பட்டை 'ஜபீரா'. உடைந்த உள்ளத்தைச் சேர்த்துக் கட்டுவது ஜப்ருல் காத்திர். எலும்பு கட்டுபவனுக்கும் ஆறுதல் சொல்பவனுக்கும் ஒரே வினைச்சொல்லைத் தந்த மொழி, இரண்டும் கைவேலை என்பதை உணர்ந்த மொழியாக இருத்தல் வேண்டும். கட்டத் தெரியாதவன் கட்டினால் எலும்பு கோணலாகச் சேரும்.

இச்சொற்களையெல்லாம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து வருபவன் நான். அவற்றின் பொருளை நான் அறிந்திருக்கவில்லை என்பதை 2011ஆம் ஆண்டில் என் தம்பி எனக்குக் கற்பித்தான்.

எங்கள் ஊர் தளி. ஓசூருக்குத் தென்மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஊர். எங்கள் அத்தா காலத்தில் இங்கே கேழ்வரகும் ஆடுமாடும்தான் வாழ்வு. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; பெருந்தொழிற்சாலைகள் வந்தன; அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பின்னர் ஆங்கிலேயர் 'குட்டி இங்கிலாந்து' என்றழைத்த இக்குளிர்ந்த நிலத்தில் ரோஜாப் பசுமைக்குடில்களும் எழுந்தன. பிழைப்பு பெருகியது, அதனுடன் வாழ்வு சட்டென்று திசைமாறும் வழிகளும் பெருகின. முன்பெல்லாம் எதிர்பாராத துன்பம் என்றால் ஜவுளகிரிக் காட்டிலிருந்து குளிர்காலத்தில் இறங்கும் யானை, அல்லது பொய்த்த மழை. இன்று அது பஞ்சிங் இயந்திரமாகவும், நெடுஞ்சாலை லாரியாகவும், 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் வாங்குவாரின்றிக் குப்பையில் கொட்டப்பட்ட ரோஜாக்களாகவும், 2023 அக்டோபரில் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது அங்கே வேலைக்கு வந்திருந்த தமிழக இளைஞர்களின் மரணமாகவும் வருகிறது.

என் தம்பி ஓர் உதிரிப் பாகப் பட்டறையில் பவர் பிரஸ் இயக்குபவனாக இருந்தான். அப்போது அவனுக்கு வயது 33. இரவு முறை வேலையில், தகட்டைச் சரிசெய்யக் கை உள்ளே இருந்த நொடியில் மேல் அச்சு இறங்கிவிட்டது. வலக்கையின் நான்கு விரல்கள் போயின. பெருவிரல் மட்டும் எஞ்சியது.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவன் கட்டிலருகே அமர்ந்து, நான் மிகவும் விரும்பிப் பாடம் நடத்தும் வரலாறு ஒன்றைச் சொன்னேன். அது உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அஸ்மா (ரலி) அவர்களுக்கும் பிறந்தவர்; மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவர். கலீஃபா வலீதைக் காணச் சிரியா சென்றபோது அவரது காலில் அழுகல் நோய் பற்றியது. உணர்வை மழுக்கும் பானத்தை மறுத்துவிட்டு, ரம்பத்தால் காலை அறுக்க உடன்பட்டார். அதே பயணத்தில் அவருடைய மகன் ஒருவர் லாயத்தில் விலங்கால் உதைபட்டு இறந்தார். உர்வாவோ, நான்கு உறுப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவைத்தாய், ஏழு மக்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆறு பேரை விட்டுவைத்தாய் என்ற கருத்தில் இறைவனைப் புகழ்ந்தார்.

தம்பி முழுவதையும் கேட்டான். பிறகு, "அண்ணே, அதை அவராகவே சொன்னாரா, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னார்களா?" என்று கேட்டான்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அவன் கேட்டதில் ஓர் இலக்கணம் இருந்தது. உர்வாவின் சொற்கள் தன்மை இடத்தில் அமைந்தவை. அடிபட்டவர் தம்மைப் பற்றித் தம் இறைவனிடம் பேசியவை. அதே சொற்களை நான் முன்னிலைக்கு மாற்றி, "உனக்கு ஒரு கை மீதமிருக்கிறதே" என்று சொன்ன கணத்தில் அவை ஸப்ராக இல்லாமல் கணக்காக மாறிவிட்டன. துன்புற்றவர் வாயில் வணக்கமாக இருக்கும் சொல், பார்க்க வந்தவர் வாயில் கடிந்துரையாகிவிடுகிறது. நம் ஜனாஸா வீடுகளில் நாள்தோறும் நிகழ்வது இதுதான் என்பதை அதன் பின்னரே கவனிக்கத் தொடங்கினேன்.

உர்வாவின் வரலாற்றில் நான் வழக்கமாகச் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி ஒன்றுண்டு. அந்நாள்களில் அப்ஸ் குலத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் வலீதின் அவைக்கு வந்தார். கண் போன கதையைக் கலீஃபா கேட்டார். தம் குலத்தில் தம்மைவிடச் செல்வர் எவரும் இருந்ததில்லை என்றும், ஒரே இரவில் வந்த வெள்ளம் மனைவி மக்களையும் மந்தைகளையும் அடித்துச் சென்றது என்றும், ஒரு கைக்குழந்தையும் ஓர் ஒட்டகமும் மட்டுமே மிஞ்சின என்றும் அவர் கூறினார். ஒட்டகம் மிரண்டு ஓட, குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு அதைத் துரத்தியிருக்கிறார்; அலறல் கேட்டுத் திரும்பினால் ஓநாய் குழந்தையைக் கவ்வியிருந்தது. மீண்டும் ஒட்டகத்தைப் பிடிக்கப் போக, அது முகத்தில் உதைத்ததில் பார்வையும் போயிற்று. வலீத் இதைக் கேட்டதும், அவரை உர்வாவிடம் அழைத்துச் செல்லுமாறு பணித்தார். இப்னு கல்லிகான் முதலியோர் இதை எழுதி வைத்துள்ளனர். கலீஃபாவின் அவையில் சொற்பொழிவாளர்களுக்குக் குறைவில்லை. எனினும் காலிழந்தவரிடம் அவர் அனுப்பியது அறிஞரை அன்று, கண்ணிழந்தவரை. நூலில் அது ஒரு துணுக்குச் செய்தி போலத்தான் நிற்கிறது. நானும் அப்படியே கடந்து போயிருந்தேன்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கான முன்மாதிரி உண்டு. அடக்கத்தலம் ஒன்றில் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு இறையச்சத்தையும் பொறுமையையும் நினைவூட்டினார்கள். வந்தவர் யாரென அறியாத அப்பெண், தனக்கு நேர்ந்தது அவருக்கு நேரவில்லை, தன்னை விட்டுவிட்டுப் போகட்டும் என்ற பொருளில் மறுமொழி கூறினார். புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி) வாயிலாக வரும் இச்செய்தியை, 'ஸப்ர் என்பது முதல் அடியில்தான்' என்ற முடிவுரைக்காகவே நாம் எடுத்தாள்கிறோம். அம்முடிவுரை பின்னர், அப்பெண்ணே தேடி வந்து வருத்தம் தெரிவித்தபோது சொல்லப்பட்டது. அடக்கத்தலத்தில் அவர் மறுத்துப் பேசியபோது நபியவர்கள் வாதிடவில்லை. தாம் யாரென்று சொல்லவுமில்லை. அவரை அங்கேயே விட்டு அகன்றார்கள். அந்த அகலுதலையும் ஒரு சுன்னத்தாக நாம் ஏன் பாடம் நடத்துவதில்லை?

கண்ணீரைக் குறித்தும் நம்மிடையே ஒரு தவறான கருத்து வேரூன்றியுள்ளது. நபி யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையைத் தம் வாயாலேயே உறுதியளித்தவர்கள். எனினும் மகனைப் பிரிந்த துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று யூஸுஃப் அத்தியாயமே கூறுகிறது. தம் துயரையும் கவலையையும் இறைவனிடம் முறையிடுவதாகவும் அவர்கள் சொன்னார்கள். முறையீடும் பொறுமையும் ஒரே உள்ளத்தில் வாழ இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நபியவர்களின் மகன் இப்ராஹீம் ஹிஜ்ரி 10இல் பால்குடி மாறாத பருவத்தில் இறந்தபோது அவர்கள் அழுதார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டதற்கு, அது இரக்கம் என விடையளித்தார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினர். துயரில் தோய்ந்த தந்தைக்கு இதைவிட இனிய சொல் இருக்க முடியுமா? மகனுக்காக வானமே இருண்டது என்று நம்பிவிட்டால் எவ்வளவு ஆறுதல்! நபியவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் மறைவதில்லை என அறிவித்தார்கள். தம் துயரின் உச்ச நாளில், பொய்யினால் கிடைக்கும் ஆறுதலைத் தள்ளிவைத்தார்கள். இந்நிகழ்ச்சியைக் கிரகணத் தொழுகையின் பாடத்தில் மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். துயரத்தின் பாடத்திலும் அதை வைத்துப் படிக்க வேண்டும்.

இழப்பைச் சட்டம் அளக்க முயன்ற கதை தனியானது; சிறிது விலகிச் சென்று அதைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் இழப்பீட்டுக்காக அலைந்த நாள்களில், அன்று நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையைப் படிக்க நேர்ந்தது. ஒரு கையின் நான்கு விரல்களை இழந்தால் உழைப்புத் திறனில் 50 விழுக்காடு இழப்பு என அது கூறியது. மூன்று விரலுக்கு 30. இரண்டு விரலுக்கு 20. பெருவிரல் ஒன்றுக்கே 30. நம் ஃபிக்ஹு நூல்களோ ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகம், முழு உயிருக்கு நூறு என வகுத்துள்ளன. உமர் (ரலி) அவர்கள் முதலில் பெருவிரலுக்கு அதிகமும் சுண்டுவிரலுக்குக் குறைவும் எனப் பயனைக் கருதித் தீர்ப்பளித்தார்கள். எல்லா விரல்களும் சமம் என்ற நபிமொழி அம்ர் இப்னு ஹஸ்மின் குடும்பத்தாரிடம் இருந்த மடலில் கிடைத்தபின், அக்கணக்கு கைவிடப்பட்டது என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) 'ரிஸாலா'வில் எடுத்துக்காட்டுகிறார்கள். தொழிற்சட்டம் விரலின் பயனை அளக்கிறது. ஷரீஅத் விரலை மனிதனின் ஓர் உறுப்பாகவே அளக்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் தம்பியின் துயரம் இரு அட்டவணைகளிலும் இல்லாத ஓரிடத்தில் இருந்தது.

அவன் சாப்பிட மறுத்தான். பசியின்மை என்றே முதலில் நினைத்தோம். தனியாக இருக்கும்போது உண்டான். பிறர் முன்னிலையில் மட்டும் மறுத்தான். வலக்கையால் உண்ணுதல் நம் பிள்ளைகளுக்கு நடக்கும் முன்பே கற்பிக்கப்படும் ஒழுக்கம். இடக்கையால் உண்பவனைப் பந்தியில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணி அவன் கூசினான். நான் உடனே மஸ்அலாவை எடுத்தேன்: நோயாலோ காயத்தாலோ வலக்கை இயலாதவருக்கு இடக்கையால் உண்பதில் வெறுப்பு எதுவுமில்லை என இமாம் நவவி (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் தெளிவாகவே எழுதியுள்ளார்கள். "எனக்குத் தெரியும் அண்ணே. பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரியுமா?" என்றான் தம்பி.

அதன்பின் உறக்கம் போயிற்று. இல்லாத விரல்கள் வலிப்பதாகச் சொன்னான். இரவில் எழுந்து உட்கார்ந்து, போன கையைப் பிடித்துக்கொண்டு அசையாதிருப்பான். அண்டை அயலார் இதைக் கேட்டதும் ஜின் கோளாறு என்று சொல்லிவிட்டனர். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்: அரபுக் கல்லூரி ஆசிரியனாகிய நான் தம்பியை ஓர் ஓதிப் பார்ப்பவரிடம் அழைத்துச் சென்றேன், ஒருமுறை அன்று, பலமுறை. குர்ஆன் வசனங்களால் நலம் வேண்டுவதில் எனக்கு இன்றும் ஐயமில்லை, அது சுன்னத்தானது. நான் செய்ததோ வேறு. ஆலிம் குடும்பத்தவன் மனநல மருத்துவரிடம் போவதா என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, ஓதுதலை அதற்கொரு திரையாக்கிக்கொண்டேன். நான்கு மாதங்கள் வீணாயின.

அந்நாள்களில்தான் அபூ ஸைத் அல்பல்கியின் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த இவ்வறிஞர் இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்கு நகரைச் சேர்ந்தவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்', அதாவது 'உடல்களின், உள்ளங்களின் நலன்கள்' என்ற நூலை இயற்றியவர். இஸ்தான்புல்லில் கையெழுத்துப் படியாகக் கிடந்த இந்நூலை 1984இல் ஃபுவாத் செஸ்கின் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து நிழற்படிவமாக வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியைச் சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது.

நூலின் முதற்பகுதி உடலுக்கு. இரண்டாம் பகுதி உள்ளத்திற்கு. உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும், உடல் மருத்துவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது அவரது குறை. சினம், அச்சம், துயரம், ஓயாது அரிக்கும் தீய எண்ணங்கள் என நான்கையும் தனித்தனியே எடுத்துப் பேசுகிறார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரிப்பதே எனக்கு வியப்பூட்டியது. ஒன்று, காரணம் தெரிந்த துயரம்: அன்புக்குரியவரின் இறப்பு, பொருளிழப்பு போன்றவற்றால் வருவது. மற்றொன்று, காரணம் அறியப்படாத துயரம்: எந்நேரமும் நெஞ்சைக் கவ்வி, எதிலும் இன்பம் கொள்ள விடாதது. இவ்விரண்டாவதன் வேர் உடலில், குருதியின் தன்மை மாறுதலில் உள்ளது என்றும், ஆகவே உடலுக்கான மருந்து தேவை என்றும் கூறுகிறார். குருதி பற்றிய அவரது விளக்கம் அக்காலத்து மருத்துவக் கொள்கை. இன்று அது செல்லாது. ஆனால் துயருற்ற ஒருவனுக்கு அறிவுரை போதாத நிலை உண்டு, அப்போது மருந்து வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டில் ஒரு முஸ்லிம் அறிஞர் பிரித்தறிந்தார் என்பது செல்லாததாகிவிடவில்லை.

மருந்தையும் அவர் இருவகைப்படுத்துகிறார்: வெளியிலிருந்து பிறர் சொல்லால் வருவது, உள்ளிருந்து தன் எண்ணத்தால் எழுவது. முன்னெச்சரிக்கை உள்ளவர் மருந்துகளை நோய் வருமுன்பே வீட்டில் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாக உள்ள காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறார். இதைப் படித்தபோது என் பிழை எனக்கு மேலும் விளங்கிற்று. உர்வாவின் வரலாறு பழுதான மருந்தன்று. அது முன்கூட்டியே சேமிக்கப்பட வேண்டிய மருந்து. புண் திறந்திருக்கும்போது அதை நான் ஊற்றினேன்.

அல்பல்கிக்கு முன்பே அல்கிந்தி துயரைப் போக்கும் உபாயம் பற்றித் தனி நூல் செய்தார். அபூபக்கர் அர்ராஸி தம் 'அத்திப்புர் ரூஹானீ'யில் துயரத்திற்கு ஓர் இயல் ஒதுக்கினார். இவர்கள் மெய்யியலார். ஹதீஸ் அறிஞர்களின் வரிசை வேறு: இப்னு அபித்துன்யா, இடுக்கண்ணுக்குப் பின் வரும் விடுதலை பற்றித் தொகுத்தார், அதே தலைப்பில் நீதிபதி தனூகி கதைகளாகவே ஒரு பெருநூல் செய்தார். கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தாக்கிய ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் மன்பிஜீ, துன்புற்றோருக்கான ஆறுதல் நூலை எழுதினார். பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கெனவே ஸுயூத்தி ஒரு சிறுநூல் யாத்தார். இவற்றைக் கற்பனை நூல்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கொள்ளைநோய் பற்றிப் 'பத்லுல் மாஊன்' எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானி தம் மகள்களை அந்நோய்க்கே பறிகொடுத்தவர். இப்னு கல்தூன் 17 வயதில் 749ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தார். கெய்ரோவில் நீதிபதியாக இருந்தபோது, தூனிஸிலிருந்து அவரிடம் வந்துகொண்டிருந்த மனைவி மக்கள் கப்பல் உடைந்து மூழ்கினர்.

ஆயினும் என் மனத்தில் ஆழப் பதிந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியர்; 38 வயதுக்குள் அவர் எட்டாத புகழ் இல்லை. ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவருள்ளே ஒரு போராட்டம் நடந்தது. தம் கல்வியின் நோக்கம் இறைவனா, பெயரா என்ற கேள்வி அவரைத் தின்றது. பின் ஒருநாள் நாவு கட்டிக்கொண்டது. மாணவர்களின் மனம் மகிழ ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல்கூட எழவில்லை. உணவு இறங்கவில்லை, செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டனர். அவர்கள் கைவிட்ட முறைதான் கவனிக்கத்தக்கது. நோய் உள்ளத்தில் இறங்கி அங்கிருந்து உடலின் இயல்புக்குப் பரவியுள்ளது, உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்து பயன் தராது என்று அவர்கள் சொன்னதாகக் கஸ்ஸாலியே 'அல்முன்கித்'தில் பதிவு செய்துள்ளார். ஷைத்தான் தீண்டினான் என்று எவரும் சொன்னதாக அவர் எழுதவில்லை.

அவர் பதவியைத் துறந்தார்; பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டியதை வைத்துவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டார்; டமாஸ்கஸ் பள்ளியின் மினாராவில் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருந்தார். ஜெரூசலம் சென்றார், ஹஜ் செய்தார். பின்னர் பிள்ளைகளின் அழைப்பு தம்மை ஊருக்கு இழுத்தது என எழுதுகிறார். மீண்டும் பாடம் நடத்த அவர் அமர்ந்தது ஹிஜ்ரி 499இல், நிஷாப்பூரில். பதினோரு ஆண்டுகள்! இஸ்லாத்தின் 'ஹுஜ்ஜத்' எனப் போற்றப்பட்டவருக்கே உள்ளம் சேர அத்தனை காலம் ஆயிற்று. மூன்றாம் நாளில் தேறிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

மூன்று நாள் என்ற கணக்கும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதே. தஃஸியாவுக்கு மூன்று நாள் என ஃபுகஹாக்கள் எல்லை வகுத்தது, துயரம் மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்பதால் அன்று. அதன்பின் போய்ப் பேசினால் ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவதாகும் என்பதே அவர்கள் கூறும் காரணம். உணவு பற்றிய வழிகாட்டலும் இவ்வாறே. முஃதாப் போரில் ஜஃபர் (ரலி) வீரமரணமுற்றபோது அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் ஏவினார்கள். நம் ஊர்களில் துக்க வீட்டார் கடன் வாங்கிப் பிறருக்கு விருந்து படைக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் இறப்பு நிகழ்ந்த வீட்டில் கூட்டம் கலைந்து, நெருங்கிய பெண்கள் மட்டும் எஞ்சிய பிறகு, வாற்கோதுமை மாவில் 'தல்பீனா' கஞ்சி காய்ச்சச் செய்வார்கள். அது உள்ளத்திற்கு இதமளித்துத் துயரில் ஒரு பகுதியைப் போக்கும் என நபியவர்கள் கூறியதை அறிவிப்பார்கள். துயரில் 'ஒரு பகுதி' என்றே அந்த அறிவிப்பு கூறுகிறது. எங்கள் வீட்டில் அம்மா அன்றாடம் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித் தம்பியின் அறைக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிடுவார். நான் ஹதீஸ் படித்தவன்; அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். சுன்னத்தின்படி நடந்தது யார் என்பதை எண்ணிக்கொள்கிறேன்.

ஓதுதலைத் திரையாக்குவதன் முடிவு எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. பின்னாளில் ஏர்வாடியிலேயே துஆவுடன் தவாவும், அதாவது மருந்தும் சேர்த்து வழங்க அரசு ஏற்பாடு செய்தது. இது நமக்குப் புதிதன்று. 1154இல் நூருத்தீன் டமாஸ்கஸில் கட்டிய பீமாரிஸ்தானும், 1284இல் கலாவூன் கெய்ரோவில் எழுப்பியதும் வக்ஃபு சொத்துகளால் நடந்த மருத்துவமனைகளே. அங்கே மனநோயாளருக்கும் இடம் இருந்தது. மருத்துவமனைக்குச் சொத்தை வக்ஃபு செய்த சமுதாயத்தின் வழிவந்தோர், மருத்துவமனைக்குப் போவதை ஈமானின் குறையாகக் கருதுவதை எவ்வாறு விளக்குவது?

இறுதியில் ஐந்தாம் மாதம் தம்பியைப் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு அழைத்துச் சென்றோம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் அதற்கு வந்து சேர எங்களுக்கு அத்தனை நாள்கள். இல்லாத உறுப்பில் வலி தோன்றுவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று, மூளையில் அக்கைக்குரிய பகுதி இன்னும் விழித்திருப்பதால் வருவது என்று மருத்துவர் விளக்கினார். துயரம் நோயாகிவிட்டது என்றும் சொன்னார். மாத்திரை தந்தார், உறக்கம் திரும்ப மூன்று வாரங்கள் ஆயின. (இன்று இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. ஜும்ஆ அறிவிப்புகளில் இவ்வெண்ணையும் சேர்த்துச் சொல்ல நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் முன்வரலாம்.)

மருந்து உறக்கத்தைத் தந்தது. பந்திக் கூச்சத்தை அது தொடவில்லை. அதைத் தொட்டவர் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு கன்னடக்காரர். இழப்பீட்டுக்கான மருத்துவக் குழுவின் முன் நிற்கக் காத்திருந்த பெஞ்சில் தம்பியின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற இயந்திரத்தில் இரண்டு விரல்களைக் கொடுத்தவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை; தேநீர்க் கோப்பையை எஞ்சிய விரல்களுக்கிடையே எப்படி நிறுத்துவது என்று செய்து காட்டினார். அடுத்த ஞாயிறு தளிக்கே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போடுவது, மோட்டார் சைக்கிளின் பிடியை மாற்றியமைப்பது, குளிர்காலத்தில் வெட்டுப்பட்ட முனைகளை எண்ணெய் தடவித் துணி சுற்றி வைப்பது என்று தெலுங்கும் கன்னடமும் கலந்த மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஸப்ர் என்ற சொல்லை அவர் அறியார். ஒரு நாள் அவர் முன்னிலையில் தம்பி இடக்கையால் சாப்பிட்டான். நான் அடுத்த அறையில், வலீதும் அப்ஸ் குலத்துப் பார்வையற்றவரும் வரும் பக்கத்தைத் தேடி எடுத்து மீண்டும் படித்தேன்.

கட்டுப் போட்ட காயத்தின்மீது ஒளூ எவ்வாறு செய்வது என்ற பாடம் ஆண்டுதோறும் வருகிறது. ஜபீராவின்மீது ஈரக் கையால் தடவினால் போதும். கட்டை அவிழ்த்துக் கழுவத் தேவையில்லை. அதனுடன் தயம்மும் செய்ய வேண்டுமா என்பதில் ஹனஃபிகளுக்கும் ஷாஃபிஈகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு; கட்டை அவிழ்க்க வேண்டாம் என்பதில் இல்லை. அவ்விடம் வரும்போது ஜப்ருல் காத்திர் என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர்கள் அதைப் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளது என்று குறித்துக்கொள்வதில்லை.

தம்பி இப்போது வேறோர் இடத்தில் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான். மாத்திரை இரண்டாண்டுகளில் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் அந்த விரல்கள் இன்னும் வலிப்பதாகச் சொல்வான். நிக்காஹ் விருந்துகளுக்கு வருவான், வாழ்த்துவான், பந்தியில் மட்டும் அமர்வதில்லை. ஏன் என்று கேட்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனேக்கல் நண்பர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில், தெருவில் போவோர் வருவோர் பார்க்க, ஒரே தட்டில் களி உண்பார்கள்.